பழைய படகின் பின்னியக்கி: வாங்குமுன் அறிய வேண்டியவை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பது அப்பழமொழியில் அடங்கியிருக்கும் மற்றொரு பாதி. மாட்டுக்குப் பல் எப்படியோ, பழைய இயந்திரத்துக்கும் அப்படிச் சில அடையாளங்கள் உண்டு. அவற்றைக் காணத் தெரிந்தவர் ஏமாறுவதில்லை. பழைய படகுகளில் காணப்படும் ஒருவகை இயக்கக் கருவியைப் பற்றியும், அதை வாங்குமுன் எவ்வாறு ஆராய்வது என்பதைப் பற்றியும் இன்று நேயர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

விஜயபுரம், நகரி, பிச்சாட்டூர் வட்டாரங்களில் வாழும் நேயர்கள், "எங்களுக்கும் படகுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. பிச்சாட்டூர் அணையில் தேங்கும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டருகே கடலை அடைகிறது. 2022ஆம் ஆண்டு ஆந்திர மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, பழவேற்காட்டு ஏரிக்கரையைச் சார்ந்த தடா, சூளூர்ப்பேட்டைப் பகுதிகள் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே, மலையடிவாரத்து மக்களுக்கு அந்த ஏரி அயலாருடையதன்று. மேலும், கிணற்றடியில் ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் இவ்வட்டாரத்தில் பல. அக்கைகளுக்கு ஏரிக்கரையிலும் வேலை உண்டு. அணைகளிலும் ஏரிகளிலும் சுற்றுலாப் படகு விட நினைப்போருக்கு யோசனை கூறும் பொறுப்பும் சிலவேளைகளில் அவர்களிடமே வந்து சேரும்.

கிணற்று எஞ்சினைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் படகு எஞ்சினில் பாதி தெரியும். கைப்பிடியைச் சுற்றி அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, புகையின் நிறத்தைக் கொண்டு எரிவின் நிலையை அறிவது, ஆயிலைத் தொட்டுப் பார்த்துத் தேய்மானத்தை மதிப்பிடுவது ஆகிய பழக்கங்கள் எல்லாம் அங்கும் பயன்படும். எஞ்சியிருக்கும் பாதி எஞ்சினில் இல்லை. அது படகின் பின்புறத்தில், நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஓர் அலுமினியப் பெட்டியில் இருக்கிறது. பழைய படகு வாங்கிப் பணத்தை இழப்பவர்களில் பலர் எஞ்சினின் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து, அந்தப் பெட்டியைப் பாராமல் விட்டவர்களே ஆவர்.

பின்னியக்கி என்பது யாது?

இயந்திரப் படகுகளில் எஞ்சினை அமைக்கும் முறைகள் முக்கியமாக மூன்று. முதலாவது, எஞ்சின் முழுவதையும் படகின் பின்பலகையில் வெளியே தொங்கவிடுவது. நம் கரையோரத்து ஃபைபர் படகுகளில் காணும் ‘அவுட்போர்டு’ எஞ்சின் இவ்வகை. இரண்டாவது, எஞ்சினைப் படகின் உள்ளே அமர்த்தி, அடிப்பகுதியைத் துளைத்து ஒரு நீண்ட தண்டை வெளியே செலுத்துவது. விசைப்படகுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எஞ்சின் படகின் உள்ளே, பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். பற்சக்கரங்களும் புரொப்பெல்லரும் கொண்ட பெட்டி மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். இதையே ஆங்கிலத்தில் ‘ஸ்டெர்ன் டிரைவ்’ என்பர். நாம் ‘பின்னியக்கி’ என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வமைப்பைச் சந்தையில் நிலைநிறுத்தியது ஸ்வீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம். ஜிம் வின் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் யோசனையை ஏற்று, 1959ஆம் ஆண்டில் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயருடன் அது வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், அமெரிக்காவின் மெர்க்குரி நிறுவனம் ‘மெர்க்ரூசர்’ என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டு எஞ்சின்களைச் செய்துவந்த ஓ.எம்.சி. நிறுவனமும் 1960களிலேயே இத்துறையில் இறங்கியது. தொடக்கத்தில் எல்லாம் பெட்ரோல் எஞ்சின்களே; பின்னர் வால்வோ பென்டா டீசல் எஞ்சினையும் இவ்வமைப்போடு இணைத்தது. உல்லாசப் படகுகளிலும், விரைந்து செல்லவேண்டிய மீட்பு, ரோந்துப் படகுகளிலும் பின்னியக்கி உலகெங்கும் பரவியது. அத்தகைய படகுகள் மூப்படைந்து கழிக்கப்படும்போது, குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. அந்தக் குறைந்த விலைதான் வாங்குவோரை ஈர்ப்பதும், சிக்கவைப்பதும்.

இதன் வேலைமுறையைச் சற்றுக் காண்போம். எஞ்சினின் சுழற்சி ஒரு தாங்குருளையின் வழியாகப் பின்பலகையைக் கடந்து வெளியே வருகிறது. அங்கே இரண்டு ‘யுனிவர்ஸல் ஜாயிண்ட்’டுகள் உண்டு. லாரியின் நீண்ட தண்டில் இருப்பவை போன்றவையே அவை. பெட்டி இடமும் வலமும் திரும்பவும், மேலும் கீழும் அசையவும் இவை இடந்தருகின்றன. பிறகு சுழற்சி மேற்பெட்டியின் பற்சக்கரங்களால் கீழ்நோக்கித் திருப்பப்பட்டு, செங்குத்தான தண்டின் வழியே இறங்கி, கீழ்ப்பெட்டியில் மறுபடியும் பின்னோக்கித் திருப்பப்பட்டுப் புரொப்பெல்லரை அடைகிறது. இரண்டு செங்கோணத் திருப்பங்கள்! பெட்டியே திரும்பிப் படகைத் திருப்புவதால் தனியே சுக்கான் தேவையில்லை. ஆழமில்லாத நீரில் பெட்டியைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். இவை இதன் சிறப்புகள். ஆனால் அசையும் உறுப்புகள் இத்தனையும் எப்பொழுதும் நீரில் கிடக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. பெயர் பெற்ற இதன் குறைகள் யாவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் இனங்காணுங்கள்

மதிப்பிடுவதற்கு முன், கையிலிருப்பது இன்னதென்று தெரியவேண்டும். ஏனெனில், உதிரி உறுப்பு கிடைக்காத இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதன் எஞ்சிய ஆயுள் அடுத்த பழுது வரையில்தான்.

பெயர் எழுதிய ஒட்டுத்தாளை நம்பவேண்டாம். அது எளிதில் மாற்றக்கூடியது. பதித்த எண்களைத் தேடுங்கள். மெர்க்ரூசர் அமைப்புகளில் எஞ்சினுக்கு ஓர் எண், பின்பலகைச் சட்டத்துக்கு ஓர் எண், வெளிப்பெட்டிக்கு ஓர் எண் என மூன்று வெவ்வேறு எண்கள் உண்டு. மூன்றையும் குறித்துக்கொண்டு, அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று விற்பனையாளரிடமோ உறுப்புப் பட்டியலிலோ சரிபார்க்க வேண்டும். மூன்றும் ஒரே காலத்தவையாக இருந்தால், அந்த அமைப்பு பிறந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம். வெளிப்பெட்டி மட்டும் வேறு காலத்ததாயின், பழையது ஒருமுறை உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அது குற்றமாகாது, ஆனால் மாற்றிய பெட்டியின் பற்சக்கர விகிதம் அந்த எஞ்சினுக்குப் பொருந்துமா என்ற வினா உடனே எழுகிறது.

இவ்விகிதத்தை நாமே அளந்துவிடலாம். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, தீப்பொறி பிளக்குகளை நீக்கிவிட்டு, கியரை முன்னோட்டத்தில் இடுங்கள். எஞ்சினின் முன்சக்கரத்திலும் புரொப்பெல்லரிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் இருபது சுற்று வரும்போது புரொப்பெல்லர் பத்துச் சுற்று வந்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்று. பெரிய எஞ்சின்களுக்கு ஒன்றரைக்கு ஒன்று என்ற அளவிலும், சிறிய எஞ்சின்களுக்கு இரண்டுக்கு ஒன்றை நெருங்கியும் அமைவது பொதுவான வழக்கம். சிறிய எஞ்சினோடு பெரிய எஞ்சினின் பெட்டியைப் பூட்டியிருந்தால், கனத்த பாரம் பூட்டிய கன்றுபோல அந்த எஞ்சின் திணறும்.

உட்புற அமைப்பும் வேறுபடும். மெர்க்ரூசர் 1980களில் ‘ஆல்ஃபா’ என்ற வரிசையையும், அதைவிட வலிய எஞ்சின்களுக்காக ‘பிராவோ’ என்ற வரிசையையும் வெளியிட்டது. ஆல்ஃபாவில் கியர் மாறும் இடம் கீழ்ப்பெட்டி. பற்கள் நேருக்கு நேர் கவ்விக்கொள்ளும் முறை. பிராவோவிலும் வால்வோ பென்டாவிலும் கியர் மாறும் இடம் மேற்பெட்டி. கூம்பு வடிவ உராய்வுப் பிடிப்பு. ஆல்ஃபாவில் குளிர்நீர் இறைக்கும் பம்பு வெளிப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டிலும் எஞ்சினோடு இருக்கிறது. பம்பு பெட்டிக்குள் இருந்தால், அதன் ரப்பர் சக்கரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பிரிக்க நேரும் என்பதை வாங்குவோர் கருதவேண்டும். 1982 முதல் வந்த வால்வோ ‘டியோப்ராப்’ வகையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழலும். பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

ஓ.எம்.சி. பெட்டிகளில் மிகுந்த விழிப்பு வேண்டும். 1980களின் நடுப்பகுதிவரை வந்தவற்றில் எஞ்சின் பின்பலகையைப் பற்றாமல், படகின் அடிச்சட்டங்களின் மேல் அமர்ந்திருக்கும். பின்பலகையில் ஒரு பெரிய ரப்பர் உறை காணப்படும். 1986இல் ‘கோப்ரா’ என்ற புதிய வடிவம் வந்தது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டு இறுதியில் திவாலாயிற்று. உறுப்புகள் இன்றும் ஆங்காங்கே கிடைக்கலாம். ஆயினும், நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் தேடிப் பெறுவது எளிதன்று. இதே நிறுவனத்தின் ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டுகளில் 1980 முதல் ஆண்டைக் குறிக்க ஒரு சூழ்ச்சி கையாளப்பட்டது. ‘இன்ட்ரொட்யூசஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பத்து எழுத்துகள். அவற்றை முறையே 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்தைச் சுழியாகவும் கொண்டு, மாதிரி எண்ணில் இரண்டு எழுத்துகளால் ஆண்டைக் குறித்தனர். ‘சி’ எட்டாவது எழுத்து, ‘யூ’ ஏழாவது எழுத்து. ஆகவே ‘சி யூ’ என்றால் 1987. பழைய அவுட்போர்டு வாங்குவோருக்கும் இது பயன்படும்.

கரையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

படகைக் கரையேற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீரில் மிதக்கும் நிலையில் மட்டுமே காட்டுவேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

முதற் சோதனை, பெட்டியிலுள்ள கியர் ஆயில். படகு சிலமணி நேரமாவது அசையாமல் நின்றபின், அடியிலுள்ள திருகை மெல்லத் தளர்த்துங்கள். எண்ணெயைவிட நீர் கனமானதால், உள்ளே நீர் புகுந்திருந்தால் அது அடியில் தேங்கி முதலில் வெளிவரும். நீரும் ஆயிலும் கலந்து குழம்பியிருந்தால், பால் விட்ட காப்பியின் நிறம் தோன்றும். இரண்டும் முத்திரைகள் கெட்டுவிட்டதைக் காட்டும். திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவு போன்ற நுண்துகள் இயல்பான தேய்மானம். விரலால் உணரக்கூடிய சில்லுகள் இருந்தால் பற்சக்கரம் உடைகிறது. புத்தம்புதிய ஆயில் பளபளவென்று வந்தாலும் மனநிறைவு கொள்ள வேண்டாம். நேற்று மாற்றிய ஆயில் எதையும் சொல்லாது. அப்போது, பெட்டியில் சுமார் 15 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றி, சில நிமிடங்கள் அது குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே வழி.

இரண்டாவது, ரப்பர் துருத்திகள். பின்பலகைக்கும் பெட்டிக்கும் இடையே, கொல்லன் துருத்தியைப்போல் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகள் உண்டு. ஒன்று யுனிவர்ஸல் ஜாயிண்ட்டைச் சூழ்ந்திருக்கும். மற்றொன்று கியர்க் கம்பியைக் காக்கும். வேறொன்று புகைபோக்கிக்கு உரியது. முதல் இரண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், படகுக்குள் நீர் வராமல் தடுப்பவை இவைதாம். இங்கே ஒரு சிறு பிளவு ஏற்பட்டாலும் நீர் புகுந்து ஜாயிண்ட்டையும் தாங்குருளையையும் துருப்பிடிக்கச் செய்யும். பின்பு படகுக்குள்ளும் நிரம்பும். இரவில் கட்டிவைத்த படகு காலையில் மூழ்கிக் கிடப்பதற்கு இது அறிந்த காரணம். பெட்டியை முழுவதும் உயர்த்தி, ஒருபக்கம் திருப்பி, விளக்கொளியில் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு, விறைப்பு, சிப்பி ஒட்டிய வடு ஆகியவற்றைத் தேடுங்கள். கவனமுள்ள உடைமையாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றை மாற்றிவிடுவர். கடைசியாக எப்போது மாற்றினீர் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள்.

மூன்றாவது, தாங்குருளையும் ஆட்டமும். பெட்டியின் கீழ்ச் சிறகைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். திசைச்சக்கரம் அசையாமல் பெட்டி மட்டும் அதிகமாக ஆடினால், திருப்பும் அச்சு தேய்ந்திருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்டியை ஒருபக்கமாகத் திருப்பினால் உறுமல் எழுகிறதா என்று கேளுங்கள். நேராக இருக்கையில் அமைதியாகவும், திரும்பும்போது ‘கடகட’ என்றும் ஒலித்தால், தாங்குருளையோ ஜாயிண்ட்டோ கெட்டிருக்கிறது.

நான்காவது, அரிப்பு. இங்கேதான் கிணற்றடி அறிவுக்கு எட்டாத ஒரு பகைவன் இருக்கிறான். அவன் பெயர் உப்பு. உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றினிடையே மெல்லிய மின்னோட்டம் பிறந்து, அவற்றுள் எளிதில் கரையும் உலோகம் அரிக்கப்படுகிறது. புரொப்பெல்லர் துருப்பிடிக்காத எஃகாகவும் பெட்டி அலுமினியமாகவும் இருந்தால், கரைவது அலுமினியம். இதைத் தடுக்க, அலுமினியத்தைவிட எளிதில் கரையும் துத்தநாகத் துண்டுகளைப் பெட்டியில் பூட்டுவர். அவை தம்மைக் கொடுத்துப் பெட்டியைக் காக்கின்றன. ஆகவே பாதி கரைந்த துத்தநாகம் நல்ல அறிகுறி. பல ஆண்டு நீரில் கிடந்தும் சிறிதும் கரையாத துண்டு, அல்லது வர்ணம் பூசி மூடிய துண்டு, வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டி கரைந்திருக்கும். நன்னீர் ஏரிகளில் துத்தநாகம் போதிய அளவு வேலை செய்யாது. அங்கே மக்னீசியத் துண்டு பூட்டுவது வழக்கம். பழவேற்காட்டில் ஓடிய படகை அணைக்குக் கொண்டுவருவோர் இதை மறத்தலாகாது. மேலும், சிப்பி ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த வர்ணத்தை அலுமினியப் பெட்டியின்மேல் பூசியிருந்தால், அது மருந்தென்று கருதி நஞ்சிட்டதாகும். வர்ணம் கொப்புளித்த இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். வெண்ணிறப் பொடி உதிர்ந்தால் உள்ளே அலுமினியம் அரிக்கப்பட்டு வருகிறது.

ஐந்தாவது, பின்பலகை. ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை பொதிந்திருக்கும். பெட்டியைப் பூட்டிய துளைகளின் வழியே நீர் இறங்கினால் அப்பலகை உளுத்துவிடும். வெளியே ஃபைபர் மட்டும் அழகாக நிற்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்ற ஒலி மாறி, ஈரச்சாக்கைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலிக்கும் இடத்தில் பலகை கெட்டிருக்கிறது. பெட்டியின்மேல் ஒருவர் தம் பாரத்தை அழுத்த, மற்றொருவர் பின்பலகை வளைகிறதா என்று கவனிக்கலாம். வளைந்தால் வாங்கவேண்டாம். மற்றப் பழுதுகளுக்கு உறுப்பு மாற்றினால் போதும். இதற்குப் படகையே பிரிக்கவேண்டும்.

எஞ்சினை ஆராய்தல்

பின்னியக்கிகளோடு இணைந்த பெட்ரோல் எஞ்சின்களில் மிகப்பல அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மோட்டார்கார் எஞ்சின்களைக் கடலுக்கேற்ப மாற்றியவை. ஆகவே நம் மெக்கானிக்குகளுக்கு அவை முற்றும் புதியன அல்ல. எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். உயர்ந்த அளவுக்கும் தாழ்ந்த அளவுக்கும் இடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேடவேண்டும்.

ஆனால் மோட்டார்காருக்கும் படகுக்கும் இரண்டு முக்கிய வேற்றுமைகள் உண்டு. ஒன்று, குளிர்விக்கும் முறை. பல பழைய எஞ்சின்களில் கடல்நீரே நேராக எஞ்சினுக்குள் சுற்றுகிறது. புகைக்குழாய்த் தொகுதியின் வார்ப்பிரும்பு உட்புறமாக அரிக்கப்பட்டு, இறுதியில் நீர் சிலிண்டருக்குள் இறங்கும். உப்புநீரில் ஓடிய எஞ்சினின் புகைக்குழாய்கள் ஐந்தாறு ஆண்டுக்கு மேற்பட்டவையாக இருந்தால், மாற்ற வேண்டியவை என்றே விலையில் கழித்துவிடுங்கள். நன்னீரை உள்ளே சுற்றவிட்டு, கடல்நீரை வெளியே வைத்து அதைக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தால், அந்த எஞ்சினுக்கு மதிப்பு அதிகம்.

மற்றொன்று உயிரைப் பற்றியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மோட்டார்காரில் அது தரைவழியே வெளியேறிவிடும். படகில் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரே ஒரு தீப்பொறி போதும். ஆகவே படகுக்கென்று செய்யப்படும் ஸ்டார்ட்டரும் டைனமோவும் பொறி வெளிவராதபடி மூடப்பட்டவை. கார்புரேட்டரின் மேல் சுடர்தடுப்பான் உண்டு. செலவைச் சுருக்க எண்ணி மோட்டார்கார் உறுப்புகளை அங்கே பூட்டிவிடுவோர் உண்டு. அளவு பொருந்தும், எஞ்சினும் ஓடும். ஆயினும் அப்படகில் பயணிகளை ஏற்றுவது பெருந்தவறு. காற்றை வெளியேற்றும் விசிறி வேலை செய்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைக் கிளப்புமுன் அதை நான்கு நிமிடமேனும் ஓடவிடுவது விதி.

கரையில் எஞ்சினை ஓட்டிக் காட்டும்போது, நீர் உறிஞ்சும் வாய்களில் குழாய்நீரைப் பொருத்தியே ஓட்டவேண்டும். நீரின்றி ஓட்டினால், பம்பின் ரப்பர் சக்கரம் ஒரு நிமிடத்துக்குள் கருகிவிடக்கூடும்.

நீரில் ஓட்டிப் பார்த்தல்

இதற்குப்பின் நீரில் இறக்கி, அரைமணி நேரமாவது ஓட்டவேண்டும். முன்கியர், பின்கியர் இரண்டும் தயக்கமின்றி விழவேண்டும். முழு வேகத்தில் எஞ்சினின் சுழற்சி, தயாரிப்பாளர் குறித்த வரம்புக்குள் இருக்கவேண்டும். பழைய எட்டுச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு இது நிமிடத்துக்கு 4,200 முதல் 4,800 வரை. சுழற்சி குறைந்தால் எஞ்சின் தளர்ந்திருக்கிறது அல்லது புரொப்பெல்லர் பொருந்தவில்லை. சுழற்சி ஏறியும் படகு வேகம் பெறாவிட்டால், புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது அல்லது கூம்புப்பிடிப்பு தேய்ந்திருக்கிறது. பெட்டியை ஏற்றி இறக்கும் எண்ணெய்த் தண்டுகளில் கசிவு உண்டா, உயர்த்திய பெட்டி தானே இறங்குகிறதா என்றும் காணுங்கள். திரும்பி வந்ததும், அடிப்பள்ளத்தில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். புறப்படுமுன் அதை உலர்த்தி வைத்திருந்தால் இந்த ஒரு பார்வையே பல செய்திகளைச் சொல்லும்.

பழவேற்காடு ஆழம் குறைந்த ஏரி. சேறும் மணலும் கலங்கும் அந்நீரில் ஓடிய படகாயின், பம்பின் ரப்பர் சக்கரத்தையும் உறிஞ்சு வாய்களையும் தனியே திறந்து பார்ப்பது நலம். எஞ்சினின் வெப்பமானி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், காரணம் அங்கேதான் இருக்கும்.

கணக்குப் பார்த்தல்

இறுதியாக விலை. விற்பவர் கேட்கும் தொகையை ஒருபுறம் எழுதுங்கள். அதன்கீழ், துருத்திகள், தாங்குருளை, முத்திரைகள், புகைக்குழாய்கள், துத்தநாகம் என மாற்றவேண்டியவற்றின் விலையையும் கூலியையும் விசாரித்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கேட்கும் விலை நான்கு லட்சம், செப்பனிட ஒன்றரை லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படகின் உண்மை விலை ஐந்தரை லட்சம். அதே தொகைக்கு வேறு என்ன படகு கிடைக்கும் என்று பார்த்த பிறகே பேரம் பேசவேண்டும்.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. 200 குதிரைத்திறனுள்ள பெட்ரோல் எஞ்சின் தன் முழுத்திறனையும் காட்டினால், மணிக்குச் சுமார் 60 முதல் 75 லிட்டர் பெட்ரோலைக் குடிக்கும். மெதுவாக ஓட்டி மணிக்கு 30 லிட்டரோடு நிறுத்தினாலும், நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் நூறு நாளில் 6,000 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சம். படகின் விலையைவிட ஓராண்டு பெட்ரோலின் விலை மிகுந்துவிடுகிறது! கடன் வாங்கிப் படகு வாங்கும் ஒரு குடும்பம் முதலில் போடவேண்டிய கணக்கு இது. சுமையேற்றி மெதுவாகச் செல்லும் தொழிலுக்கு இவ்வகைப் படகு ஏற்றதன்று. சிறிய டீசல் எஞ்சினோ, அளவான அவுட்போர்டோ அக்குடும்பத்தைக் காக்கும். விரைவு இன்றியமையாத மீட்புப் பணிக்கும், கட்டணம் பெற்று நடத்தும் உல்லாசப் பயணத்துக்கும் வேண்டுமானால் பின்னியக்கி பொருந்தலாம். அப்போதும் பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும், கண்முன் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் தகுதிச் சான்றையும் வற்புறுத்துகிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இவற்றைச் செய்ய ஒருநாள் போதும். ஒரு திருகுசாவி, ஒரு சிறு சுத்தியல், ஒரு கைவிளக்கு, ஒரு சுண்ணக்கட்டி, அழுத்தமானிகள் இரண்டு ஆகியவையே தேவையான கருவிகள். கிணற்றடியில் எஞ்சின் பழகியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; துருத்தியையும் துத்தநாகத்தையும் பின்பலகையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்விருவர் கண்ணுக்கும் தப்பி நிற்கும் குறைகள் மிகச் சிலவே. விலை படிந்தால் எண்களைக் குறித்து இரசீது பெறுங்கள். படியாவிட்டால் வருந்தாமல் திரும்புங்கள். வாங்காமல் வந்த படகு யாரையும் நடுநீரில் விட்டதில்லை.